தூத்தல் போடுது, துணிய எடு

பெரியம்மா, இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்கிறீர்களா? கனமெல்லாம் இல்லை. துணியும் டப்பாவும்தான். பதிலுக்கு ஒரு கதை சொல்கிறேன். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் உடனே கிடையாது. சிரிப்பு கடைசியில்தான் இருக்கிறது. நடுவில் எங்கே, எங்கே என்று கேட்கக் கூடாது. கரூர் வரைக்கும்தானே போகிறீர்கள்? நானும்தான்.

இருங்கள், முதலில் உட்கார இடம் பண்ணிக்கொள்கிறேன். உங்கள் பக்கத்தில் தூங்குகிறாரே அந்த அண்ணன், அவர் மலைக்கோவிலூர் டிக்கெட். வாங்கும்போது கேட்டேன். இப்போது பாருங்கள்.

"மலைக்கோயிலூரெல்லாம் எந்திரிச்சு முன்னால வா, முன்னால வா. வண்டி நின்னதுக்கப்புறம் எந்திரிச்சா நான் பொறுப்பில்ல."

போய்விட்டார். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள், பெரியம்மா. கண்டக்டர் இன்னும் பின்னால்தான் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறார். தன் குரல் தனக்கு முன்னால் போய்விட்டது என்று அவருக்கே தெரியாது. அந்த அண்ணன் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நிற்பார், அவ்வளவுதான். மலைக்கோவிலூர் எப்படியும் வரத்தானே போகிறது.

என் பெயர் வினோதினி. பிளஸ் ஒன். எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், எனக்குள் உட்கார்ந்துவிடும். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் மைக்கில் பேசி ஒரு வகுப்பையே மைதானத்தில் நிற்க வைத்திருக்கிறேன். மீன்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், அம்மா, அக்காவின் மாமியார், யார் வேண்டும் சொல்லுங்கள். இதுவரைக்கும் யாரும் என்னைப் பிடித்ததில்லை.

பொய் சொல்லக் கூடாது. ஒருத்தியிடம் மட்டும் பலிக்காது. பாப்பா. எங்கள் அக்கா மகள். ஒன்றரை வயது. கதவுக்குப் பின்னால் நின்று யார் குரலில் கூப்பிட்டாலும் "கா" என்பாள். சோறு ஊட்டும்போது நான் காக்காய் மாதிரி கத்துவேன், அதனால் அவளுக்கு நான் "கா". ஆட்டுக் குட்டி மாதிரி கத்தினாலும் "கா". போலீஸ்காரர் மாதிரி மிரட்டினாலும் "கா". கைதட்டிச் சிரிப்பாள்.

இப்போது சிரிப்பதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பையும் அவளுடையதுதான்.

பாருங்கள், பாருங்கள், ரகசியம் ஒன்றும் இல்லை. பாப்பா குளிக்கிற சோப்பு. தேங்காய் எண்ணெய். பவுடர். பயத்தமாவு. அவள் கடிக்கிற ரப்பர் வாத்து. இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிறு. மேலே சுருட்டித் திணித்திருக்கிறேனே, அது தொட்டில் சேலை. அம்மாவுடைய பழைய நூல் சேலை. காலையில்தான் கொடியிலிருந்து உருவினேன், மடிக்க நேரமில்லை. உங்கள் கையில் வழிகிறதா? பயப்படாதீர்கள், எங்கள் வீட்டில் அதைவிடச் சுத்தமான சாமான் இப்போது கிடையாது. தினமும் கொதிக்கிற தண்ணீரில் முக்கி, சோப்பே போடாமல் அலசி எடுக்கிறாள் அம்மா.

ஏனென்றால், பாப்பா உடம்பெல்லாம் தடிப்பு. சிவப்புச் சிவப்பாக, நடுவில் பொடிப் பொடியாகக் கொப்புளம். கார்த்திகை தீபத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது. முதுகில், பின்தொடையில், கைகளின் வெளிப்பக்கத்தில். ஒருக்களித்துத் தூங்கினால் அந்தப் பக்கத்துக் கன்னத்தில். உள்ளங்கையில் இல்லை, வயிற்றில் இல்லை. தூங்கி எழுந்தால் அதிகம், சாயங்காலத்துக்குள் கொஞ்சம் அடங்கும். அரிப்பு தாங்காமல் கீறிக் கீறி ரத்தம் வந்து, அக்கா அவள் இரண்டு கையிலும் காலுறை மாட்டிவிட்டிருக்கிறாள். காலுறைக் கையோடு அவள் அழுகிறதைப் பார்த்தால், அந்தக் குரலை மட்டும் நான் செய்து காட்ட மாட்டேன், பெரியம்மா. வரும். செய்ய மாட்டேன்.

அம்மா முதலில் சூடு என்றாள். முட்டையை நிறுத்தினாள். அடங்கவில்லை. பாக்கெட் பாலை நிறுத்திவிட்டு மாட்டுப் பால் கொடுத்தாள், பிறகு மாட்டுப் பாலை நிறுத்திவிட்டு பாக்கெட் பால் கொடுத்தாள். உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அதுவும் இல்லையென்று ஆனதும் அக்கி என்றாள். குயவர் வீட்டுக்குத் தூக்கிப் போய் அக்கி எழுதினார்கள். காவி மண்ணைக் குழைத்து முதுகெல்லாம் எழுதி அனுப்பினார்கள். பாப்பா புலி வேஷம் போட்ட மாதிரி வந்து இறங்கினாள். நான் சிரித்தேன். அம்மா முறைத்தாள். மறுநாள் காலையில் காவிக்கு அடியிலும் தடிப்பு.

என்ன, கொசுவா? இந்த வண்டி அப்படித்தான்.

பிறகு கரூரில் ஒரு தோல் டாக்டர். குரல் என்றால் அது குரல். பூனை பால் குடிக்கிற மாதிரி பேசுவார். கண் கம்ப்யூட்டரில், வாய் நம்மிடம். "ம்ம்… வேற? ம்ம்… வீட்டுல வேற யாருக்காச்சும்? ம்ம்." எங்கள் யாருக்கும் எதுவும் இல்லை. பூச்சி கடித்திருக்குமோ என்று கேட்டார். அம்மா உடனே, பின்னால் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கிறது சார், ஆனால் பிள்ளையை அந்தப் பக்கமே விடுவதில்லை என்றாள். உண்மைதான். மழை நன்றாகப் பிடித்த பிறகு அந்த மரத்தில் பட்டையே தெரியாது, அவ்வளவு பூச்சி. அம்மா குச்சியில் துணி சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துப் பந்தம் கொளுத்திப் பொசுக்குவாள். ஒன்று ரவிக்கைக்குள் விழுந்து, "அய்யோ சாமி, எடுங்கடி எடுங்கடி" என்று ஆடினாள் பாருங்கள் ஒரு ஆட்டம், அதை நான் தெருவுக்கே செய்து காட்டியிருக்கிறேன். தோள் வீங்கிப் போய் முருங்கை இலையையே கசக்கித் தேய்த்துக்கொண்டாள். அன்றைக்கே சமையற்கட்டுக்குப் பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று. பாப்பா அந்த மரத்தைப் பார்த்தே மாதமாகிறது. ஆக, அது இல்லை.

டாக்டர் களிம்பு கொடுத்தார். களிம்பு போட்டால் அடங்கும், மறுபடி கிளம்பும். இரண்டாம் தடவை போனபோது, பிள்ளை மேல் படுகிற எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றார். அதுதான் இந்தப் பை. கட்டி வாசலில் வைத்துவிட்டு, அக்காவும் அம்மாவும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு முதல் வண்டிக்கு ஓடிவிட்டார்கள். பாதி வழியில் போன், பையை விட்டுவிட்டோம், கொடியில் தொட்டில் சேலை கிடக்கிறது, அதையும் எடுத்துக்கொண்டு வா என்று. பாப்பா அழுத அழுகையில் அவர்களுக்குத் தங்கள் செருப்பு ஞாபகம் இருந்ததே பெரிது.

இதில் என்ன இவ்வளவு அவசரம், நாளைக்குப் போனால் ஆகாதா என்று கேட்கிறீர்கள். ஆகாது. அதற்கு நீங்கள் அக்காவின் மாமியாரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாமா லாரி ஓட்டுகிறார். நாக்பூர், இந்தூர் என்று போனால் திரும்பி வர மாதமாகும். அக்கா எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். பெட்ஷீட்டில் ஒரு நூல் இழுத்திருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். போன வருஷம்தான் அவளை அந்த செக்ஷனுக்கு சூப்பர்வைசராக்கினார்கள். காலையில் கம்பெனி வேன் வரும், ஏறிப் போவாள், பாப்பா அம்மாவிடம் இருப்பாள். அதனால்தான் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். மாமியாருக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பனங்கற்கண்டுக்குள் ஊசி வைத்த மாதிரி பேசுவார்.

கார்த்திகை கடைசியில் அவர்கள் ஊர்க் கோயில் நோம்பிக்கு அக்காவும் பாப்பாவும் போய் ஒரு வாரம் இருந்தார்கள். அங்கே போன இரண்டு நாளில் தடிப்பு எல்லாம் மாயம். உடம்பு பளபளவென்று ஆகிவிட்டது. திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் தூங்கி எழுந்தாள். பழையபடி.

"நாஞ் சொல்றேன்னு தப்பா நெனைக்காத கண்ணு. எங்கூட்டுல இருந்தப்ப என்ற பேத்தி மேலு வெண்ணெயாட்டம் இருந்துச்சு. உங்கூட்டுக்கு வந்த மறுநாளு சாக்குப் பையாட்டம் ஆயிப்போச்சு. நீ சாயத்துணிய அளைஞ்சுபோட்டு வந்து அதே கையில புள்ளையத் தூக்கற. அதுக்குப் பாவம் வாயிருக்குதா சொல்ல?"

அச்சு அசல் அவர்தான், இல்லையா? உங்களுக்கு அவரைத் தெரியாது. தெரிந்தால் இப்போது எழுந்து நின்றிருப்பீர்கள்.

அன்றிலிருந்து அக்கா வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் வருவதில்லை. வெளிக் குழாயடியிலேயே சுற்றிக்கொண்டு போய் குளியலறைக்குள் நுழைவாள். பாப்பா வாசலில் அவளைப் பார்த்ததும் காலுறைக் கை இரண்டையும் நீட்டும். அக்கா, "இருடி தங்கம், அம்மா மேலெல்லாம் சாயம்" என்று சொல்லிக்கொண்டே போவாள். அது கத்தும். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம், வெளியே இது கத்துகிற சத்தம். கம்பெனிக்குப் போட்டுப் போகிற சுடிதாரைத் தனியாகத் துவைத்து மொட்டை மாடியில் போடுவாள், பாப்பா துணியோடு படவே கூடாதென்று. அப்படியும் தடிப்பு போகவில்லை. அவளே ஒருநாள் அம்மாவிடம் கேட்டாள், நிஜமாவே என் கையிலதான் ஏதோ இருக்கோ என்று.

மாமியார் போன வாரம் சொல்லிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் வரும். வேலைக்குப் போகிறவள் போகட்டும், பிள்ளை எங்களிடம் இருக்கட்டும். இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வரட்டும். மாமாவும் போனில், அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதே சுகந்தி என்று இழுத்தார். அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். டாக்டர் இன்றைக்குக் காரணம் என்னவென்று சொல்லட்டும். சொல்லாவிட்டால் நாளைக்கே வேலையை விட்டுவிடுகிறேன்.

புரிகிறதா, இந்தப் பையை ஏன் இப்படி விழுந்தடித்துக்கொண்டு கொண்டுபோகிறேன் என்று. இதற்குள் இருக்கிற ஏதோ ஒன்றுதான் திருடன். எது என்று டாக்டர் சொல்லிவிட்டால், நான் அதை எடுத்துப்போய் மாமியார் முன்னால் வைத்து, அவர் குரலிலேயே அவருக்குச் சொல்வேன்.

சீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறதோ? நீங்கள் கையைச் சொறிகிறதைப் பார்த்து எனக்கும் கழுத்தெல்லாம் ஊறுகிறது. பாருங்கள், இது ஒன்று. கொட்டாவியும் சொறியும் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்.

போன் அடிக்கிறது. அக்கா. ஒரு நிமிஷம்.

"வணக்கம், அரவக்குறிச்சி காவல் நிலையம்." … "சரி சரி, நான்தான்." … "நான்தான்க்கா, வேற யாரு." … "வண்டியிலதான் இருக்கேன். மலைக்கோவிலூர் வரப்போவுது. சேலையும் எடுத்தாச்சு. எல்லாம் எடுத்தாச்சு. வெய்யி."

எப்போது பேசினாலும் "யாரு, நீதானா" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். ஏன் தெரியுமா? பத்து நாள் முன்னால் கம்பெனிக்கு போன் போட்டு மாமியார் குரலில் பேசினேன். "கண்ணு, நான் வந்துட்டேன். புள்ள துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. நீ பொறுமையா வேலைய முடிச்சுப்போட்டு வா, நாங்க கெளம்பறோம்." அவ்வளவுதான் சொன்னேன். அக்கா பாதி வேலையில் ஒரு ஆட்டோவைப் பிடித்து வந்து இறங்கினாள். கழுத்தில் கம்பெனி அட்டை, காலில் ஒரு செருப்பு. நான் கதவுக்குப் பின்னால் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பாப்பா தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். அவளுக்கு முன்பெல்லாம் நல்லா சிரிக்க வரும். இப்போது எதற்கெடுத்தாலும் மூஞ்சியை இப்படி வைத்துக்கொள்கிறாள்.

அதற்காகத்தான் அந்தச் சிரிப்பை அவளுக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்கிறேன் என்றேனே, அதுதான். பாப்பாவுக்கு உடம்பு சரியானதும் அவளிடம் போட்டு உடைப்பேன். அது நான்தான் என்று அவள் கண்டுபிடிக்கிற நிமிஷம் இருக்கிறது பாருங்கள், அப்போது அவள் முகம் போகிற போக்கு. அதை நினைத்து நினைத்து நானே தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அண்ணன் இறங்கிவிட்டார். பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை.

சரி, இனிமேல் இழுக்கவில்லை. வந்துவிட்டது சிரிப்பு.

தீபாவளி முடிந்த சமயம். தினம் சாயங்காலமானால் மேகம் கூடும். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. முதல் துளியை யார் பார்க்கிறார்களோ அவர்கள் அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும். சண்டை போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும் மழைக்கு மட்டும் கூப்பிட்டுவிடுவார்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தெய்வானை அக்கா. ஆடு வைத்திருக்கிறார். எப்போதும் வெளியிலேயே நிற்பதால் துளி விழுவது அவருக்குத்தான் முதலில் தெரியும். தொண்டையில் கரகரப்பு, கடைசியில் ஒரு இழுப்பு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் துணி எடுக்க மாடிக்கு ஓடுவாள்.

இப்போது நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள், வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. சுவரோரம் குனிந்து உட்கார்ந்து தெய்வானை அக்கா குரலில் ஒரு கூப்பாடு. அம்மா கரண்டியோடு ஓடுகிறாள். அக்கா தலையில் சோப்பு நுரையோடு ஓடுகிறாள். மேலே போய் இரண்டு பேரும் வானத்தைப் பார்க்கிறார்கள். வானம் இவர்களைப் பார்க்கிறது. "ஏண்டி, தெய்வானைக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?" நான் கீழே வாயைப் பொத்திக்கொண்டு உருண்டேன். மறுநாளும் செய்தேன். அதற்கடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு தடவையும் ஓடினார்கள், பெரியம்மா, ஒவ்வொரு தடவையும். அப்புறம் ஒருநாள் தெய்வானை அக்கா நிஜமாகவே கூப்பிட்டார். அம்மா போகவில்லை. பாப்பா துணி மொத்தமும் நனைந்து, தொட்டில் கட்டச் சேலை இல்லாமல் அன்றைக்கெல்லாம் பாப்பா தோளிலேயே தூங்கினாள்.

அம்மாவுக்கு வந்த கோபத்தில் சுவருக்கு மேலே எக்கி நின்று கேட்டுவிட்டாள், "ஏம்மா, உனக்கு இது விளையாட்டா?" தெய்வானை அக்கா ஆட்டின் மேல் சத்தியம் பண்ணினார், நான் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டேன் என்று. அம்மா நம்புவாளா? இப்போது அவர் மழைக்குக்கூட எங்களைக் கூப்பிடுவதில்லை. பாப்பாவுக்கு இப்படி ஆனதே அவர் வயிற்றெரிச்சல்தானோ என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். அய்யோ, இதெல்லாம் நினைத்தால்.

இனிமேல் தெய்வானையை நம்பியும் ஆகாது, நம்பாமலும் ஆகாது என்று அம்மா ஒரு நைலான் கயிறு வாங்கி வந்தாள். "நம்ம துணி நனைஞ்சா நனையட்டும், புள்ள துணி நனையக் கூடாது" என்று பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட சாய்ப்புக்குக் கீழே பாப்பாவுக்கு மட்டும் தனிக்கொடி. ஒரு முனையைச் சாய்ப்புத் தூணில் கட்டினாள். இன்னொரு முனைக்குத் தூணில்லை. முருங்கை மரத்தில் கட்டினாள். பாருங்கள், ஒரு குரலை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக் கொடியையே மாடியிலிருந்து கீழே இறக்கிவிட்டேன். இன்று வரைக்கும் அவர்களுக்குத் தெரியாது.

அவ்வளவுதான். சிரியுங்கள்.

என்ன பெரியம்மா, சிரிக்கவில்லை?

எந்த முருங்கை என்றால்? எங்கள் வீட்டில் இருக்கிறதே ஒரு முருங்கைதான். ஆமாம், அதுதான். அம்மா பந்தம் பிடித்தாளே, அதேதான். கொடி கட்டினதற்கு அப்புறம்தான் பூச்சி அப்ப ஆரம்பித்தது. கார்த்திகைக்கு முன்னால். ஆனால் நான்தான் சொன்னேனே, பாப்பாவை அந்தப் பக்கமே…

உங்கள் கையைக் காட்டுங்கள்.

இல்லை, அந்தக் கை. சேலை கிடந்த கை.

இது எப்போது வந்தது? ஏறும்போது இல்லையா? எனக்குக் கழுத்தில் என்ன இருக்கிறது, பாருங்கள். நான் இந்தச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வந்தேன். அப்புறம்தான் பையில் திணித்தேன். சிவந்திருக்கிறதா? நடுவில் பொடிப் பொடியாகவா?

பாப்பா போகவில்லை, பெரியம்மா. அவள் சேலை போயிருக்கிறது. தினமும்.

அந்தப் பூச்சி கடிக்கக்கூட வேண்டாம், அதன் முடி ஒட்டினாலே போதும். பந்தம் பிடித்தால் முடி பறக்கும். அதற்குக் கீழேதான் கொடி. தடிப்பு அதிகமாக அதிகமாக அம்மா அதிகமாகத் துவைத்தாள். துவைத்துத் துவைத்து அங்கேயே கொண்டுபோய்ப் போட்டாள். அவள் கை காய்த்துப்போன கை, முடி ஏறியிருக்காது. முதுகு, பின்தொடை, ஒருக்களித்த கன்னம். தொட்டிலில் படுகிற இடம். மாமியார் வீட்டில் வேறு சேலை, வேறு கொடி. அக்கா கையில் ஒன்றுமே இல்லை. அக்கா கையில் எதுவுமே இருந்ததில்லை.

சேலையை எடுத்துவிடுங்கள் உங்கள் மேலிருந்து. இப்படிக் கொடுங்கள், நான் உள்ளே அமுக்குகிறேன். பரவாயில்லை, என் கைதானே.

அக்காதான் அடிக்கிறாள்.

"அக்கா." … "நான்தான்." … "அக்கா, கேளு. டாக்டர் உள்ள கூப்புட்டுட்டாரா? கூப்புட்டா சொல்லு, தொட்டில் சேலை. சாய்ப்புல காயுதுல்ல, முருங்கைமரத்துக் கொடியில. கம்பளிப்பூச்சி முடி அதுல ஒட்டிக்கிட்டு…" … "இல்லக்கா, விளையாடல." … "சத்தியமா. நான் எதுக்கு இதுல…" … "அக்கா, வெக்காத. வெக்காத."

வைத்துவிட்டாள். அடுத்த டோக்கன் அவர்களுடையதாம். பாப்பா கத்திக்கொண்டிருக்கிறாள். இந்த நேரத்திலுமாடி என்று கேட்டாள்.

பெரியம்மா, நீங்கள் பேசுகிறீர்களா? கூப்பிட்டுத் தருகிறேன். உங்கள் கை இப்படி ஆகியிருக்கிறது என்று சொல்லுங்கள், அது போதும்.

… என்ன சொன்னாள்? நீங்களும் நான்தானாமா? "இது யாரு குரல்னு தெரியல, நல்லாத்தான் இருக்கு" என்றாளா?

கொடுங்கள். வைக்கவில்லையே? கொடுங்கள்.

"அக்கா, அவங்க நெசம். பஸ்ல பக்கத்துல இருக்காங்க. அவங்க கையெல்லாம் பாப்பாவுக்கு இருக்கற மாதிரியே தடிச்சுப்போச்சு. எனக்குக் கழுத்துல. உன் கையில ஒண்ணும் இல்லக்கா. உன் கம்பெனியில ஒண்ணும் இல்ல." … "ஆமா, அந்தக் கொடிதான்." … "தீபாவளிக்கு அப்புறம் கட்டுனது." … "ஆமா, மாடியில நனையுதுன்னுதான். ஆமா, தெய்வானை அக்கா சும்மாச் சும்மா கூப்புட்டாங்கன்னு." …

பாப்பா அழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

"அக்கா?" …

தெய்வானை அக்கா மாதிரி ஒரு தடவை கூப்பிடு என்கிறாள்.

இங்கேயா? பஸ்ஸிலா? ஆமாம், இப்போதே கூப்பிடச் சொல்கிறாள்.

"ஏ சுகந்தீ… தூத்தல் போடுது, துணிய எடூ…"

சத்தமாக வந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் எட்டி ஷட்டரை இழுத்து மூடுகிறார். அதோ, அந்தப் பக்கத்திலும் மூடுகிறார்கள். வெளியே எப்படி வெயில் அடிக்கிறது பாருங்கள். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருகிறார்கள்.

"அக்கா?" …

"யாரு, நீதானா" என்று கேட்கிறாள், பெரியம்மா. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.